சித்தேரியிடம் கேட்காத வரி

இன்று காலை எங்கள் குடியிருப்புக்கு வந்த டேங்கர் லாரித் தண்ணீரில் ஏரி வாசனை அடித்தது. கோரைப் புல்லும் பாசியும் வெயிலில் காய்ந்த சேறும் கலந்த அந்த வாசனையை நீயாக இருந்தால் லாரி தெருமுனை திரும்பும்போதே கண்டுபிடித்திருப்பாய். கீழ் வீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, இதுல எப்படிக் குளிக்கிறது?" என்று புலம்பினாள். பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு ஒரு வாளி மட்டும் பிடித்து வைத்தேன். இப்போது அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எண்பது வயதில் எனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று நீ சொல்வது கேட்கிறது. முற்றட்டும்.

நாம் இரண்டு பேரும் தாம்பரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நீ அறிவியல் டீச்சர், நான் பாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் நீ சோப்ரானோ, நான் ஆல்ட்டோ. அதாவது நீ மெட்டைப் பாடுவாய், நான் உனக்குக் கீழே துணைக்குரல் கொடுப்பேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் உன்னைத்தான் பாராட்டுவார்கள். "ஆல்ட்டோ வராத அன்னைக்குத்தான் ஆல்ட்டோ இருந்ததே தெரியும்" என்று நான் பொருமுவேன். "அதுக்காக ஒரு நாள் வராம இருந்து காட்டேன்" என்று நீ சீண்டுவாய். நான் ஒரு வாரம்கூட லீவு போட்டதில்லை.

சேலையூர் தாண்டி மாடம்பாக்கம் போகிற வழியில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது சித்தேரி. அந்தப் பெயரில் ஊருக்கு ஊர் ஏரி உண்டு. எந்த ஏரி என்று இதற்கு மேல் எழுத மாட்டேன். பிள்ளைகளுக்கு இலையும் பூச்சியும் காட்ட அங்கே கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தவள் நீ. பிறகு பிள்ளைகள் இல்லாமலும் போக ஆரம்பித்தாய், என்னையும் இழுத்துக்கொண்டாய். அறுபதுகளின் கடைசி அது. தாம்பரத்தைச் சுற்றி எந்தப் பொட்டலைப் பார்த்தாலும் சுண்ணாம்பு பூசிய கல் நட்டிருக்கும். சித்தேரியின் மேற்குப் பக்கம் கோடையில் வற்றிவிடும். மனை போடுகிறவர்கள் அதைக் காட்டி, இது ஏரியே இல்லை, மேட்டு நிலம் என்று சொல்லிக் கல் நட்டார்கள். மழைக்காலத்தில் அந்தக் கற்களின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். அவற்றின் மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும்.

அந்த ஏரி போய்விடக் கூடாது என்பது உனக்கு ஒரு வெறியாகவே இருந்தது. மனு கொடுத்துப் பார்த்தாய், யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அப்போதுதான் பாட்டு கட்டலாம் என்றாய். "ஒரு பாட்டு வாயில ஒட்டிக்கிச்சுன்னா அந்த இடத்த விக்க மனசு வராது எஸ்தர்." சர்ச்சில் நம்மோடு பாடிய அண்ணன் தம்பி இருவர், தபால் ஆபீஸில் வேலை, அவர்களைக் கீழ்க்குரல்களுக்குச் சேர்த்துக்கொண்டோம்.

நாம் பாட்டு கட்டிய விதம் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மதகில் தண்ணீர் விழுகிற ஓசைக்குப் பக்கத்தில் என் இசைக்கவையைத் தட்டி, ஏரி எந்தச் சுருதியில் இருக்கிறது என்று பார்ப்பாய். நிரம்பிய தண்ணீர் கலங்கல் வழியாக வழிகிற வேகம்தான் தாளம். ஆள்காட்டிக் குருவி கத்தினால் அது பல்லவிக்கு முந்தின எடுப்பு. நாரைக்கு ஒரு பாட்டு, பனைக்கு ஒரு பாட்டு, தவளைக்குக் கேள்வியும் பதிலுமாக ஒரு பாட்டு. எல்லாவற்றையும் நான்கு குரலுக்குப் பிரித்து, டோ ரே மீ எழுத்தில் எழுதி, அறுப்பின் பண்டிகையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் ஊர்த் திருவிழாவிலும் பாடினோம். ஜனங்கள் கைதட்டினார்கள், கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஒரு தலைமைக் குமாஸ்தா உன்னிடம் வந்து, "பாட்டு ஏ ஒன் டீச்சர். அந்த ஏரிப் பக்கம் கிழக்கு பார்த்த மனை ஏதாவது காலி இருக்கா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா?

எல்லாவற்றையும் மாற்றிய அந்த ஒரு மெட்டு நமக்குக் கிடைத்தது ஒரு உச்சி வேளையில். பெருமழை ஓய்ந்து வெயில் அடித்த நாள். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. நாம் கரையில் பனை மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம், நம் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. திடீரென்று பறவைச் சத்தம் எல்லாம் அடங்கிப் போயிற்று. அதன் பிறகுதான் பாட்டு கேட்டது. மதகுக்கு அந்தப் பக்கம் நாலைந்து பெண்கள் முழங்கால் தண்ணீரில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். ஒவ்வொரு வரிக்கும் பிறகு, யாரோ பதில் சொல்லட்டும் என்பதுபோல் நிறுத்தினார்கள். சொற்கள் பிடிபடவில்லை. 'கொடு' என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. முடித்ததும் நம் பக்கம் திரும்பாமலே கரையேறிப் போய்விட்டார்கள்.

உனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது, கையை நீட்டிக் காட்டினாய். "நடவுப் பாட்டா இருக்கும்டி. என்ன மெட்டு, பாத்தியா?" என்றாய். நடவு வயலில் நடக்கும், ஏரிக்குள் என்ன நடவு என்று நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. பாடகர் குழுக்காரர்களுக்குச் சுரம் கிடைத்தால் போதும், அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று கேட்கிற பழக்கம் கிடையாது. நீ அங்கேயே மெட்டை எழுதினாய், சொல்லும் கட்டினாய். 'ஏரியம்மா ஏரியம்மா, எடுத்து வச்சதக் கொடு. மீனு கொடு, நாரைக் குஞ்சு கொடு. தாகத்துக்குத் தண்ணி கொடு. கரையிலே கொண்டாந்து கொடு.' ஆல்ட்டோவை மட்டும் நான் எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே நல்ல ஆல்ட்டோ அதுதான்.

காணும் பொங்கலன்று அந்த ஊரிலேயே, ஏரிக்கரை மைதானத்தில், பட்டப்பகலில் பாடினோம். கரும்பு கடித்துக்கொண்டிருந்த கூட்டம். முதல் வரி முடிந்ததும் சலசலப்பு நின்றது. நாம் பெருமைப்பட்டோம். இரண்டாவது வரியில் பெண்கள் பிள்ளைகளைப் பிடித்து மடிக்குள் இழுத்துக்கொண்டார்கள். மூன்றாவது வரியில் ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். நாம் நிறுத்தவில்லை. கடைசி வரியை நாம் பாடும்போது எதிரே மண் தரையும் கரும்புச் சக்கையும்தான் இருந்தன. அப்புறம் முனியம்மா வந்தாள். நம் தெருவில் மீன் விற்கிற அதே முனியம்மா, ஐந்து பைசா விலை குறைக்கச் சொன்னால் நம் பரம்பரையையே இழுக்கிறவள். அன்றைக்கு அவள் குரல் எழும்பவே இல்லை.

"இன்னா டீச்சரம்மா இது? யார் பூட்டாங்கன்னு இத்தப் பாடிகினு கீறீங்க?"

"யாரும் போகல முனியம்மா. ஏரிப் பாட்டுதானே?" என்றாய் நீ.

"ஏரி ஆள எடுத்துகினு பொணத்தக் குடுக்கலன்னா, தண்ணில எறங்கி நின்னு கேக்கற பாட்டும்மா. மழ உட்ட அன்னிக்கு எருமை கழுவப் போன ஆளு உள்ள இருந்தாரு. நாங்க கேட்டோம், சாயங்காலம் மதகாண்ட வந்து மெதந்தாரு. நீங்க யாரும் உள்ள இல்லாதப்ப கேட்டுகினு கீறீங்க. அது இன்னாத்த குடுக்கும்? ஒர்த்தர எடுத்துகினு வந்துதான் குடுக்கும்."

தபால் ஆபீஸ் அண்ணன் தம்பி அன்றோடு நின்றுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு சர்ச்சில் என் பக்கம்கூடத் திரும்பவில்லை.

ஆனால் பாட்டு வேலை செய்தது. அதுதான் விபரீதம். விஷயம் பரவி, மனை வாங்க முன்பணம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் மட்டும் இல்லை, நம் சர்ச் ஆட்களும்தான். கல் நட்டது நட்டபடி கிடந்தது. இத்தனை வருஷம் நாரையும் பனையும் பாடி நடக்காத காரியத்தை ஒரு சாவுப் பாட்டு செய்துவிட்டது. "ஆசையில செய்யாதத பயத்துல செய்யிறாங்க எஸ்தர்" என்று நீ சொன்னபோது உன் முகத்தில் வருத்தம் இருந்ததா, சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு மனை பார்க்க யார் கார் போட்டு வந்தாலும், விடுமுறை நாளாக இருந்தால், நீ தண்ணீரில் இறங்கிப் பாடினாய்.

நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் நமக்குச் சண்டையே வந்தது. ஜனங்களைப் பயமுறுத்துவது பொய் சொல்வதற்குச் சமம் என்றேன். "நான் ஒரு பொய்யும் சொல்லல. பாடுறேன், அவ்ளோதான்." சரி, முனியம்மா சொன்னது நிஜமாக இருந்தால் என்று கேட்டேன். நீ திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாளிலிருந்து தலையை எடுக்காமல், "நிஜமா இருந்தா ஏரி பொழச்சுக்கும்" என்றாய். நாம் அதற்குப் பிறகும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம், ஒன்றாகத்தான் ரயிலடிக் கடையில் நூல் வாங்கினோம். ஏரியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

ஆள் நடமாட்டம் குறையக் குறைய ஏரி வேறு மாதிரி ஆனது. துணி துவைக்க யாரும் இல்லை, வலை வீச யாரும் இல்லை. பிள்ளைகளைக் கரைப் பக்கம் போகவே விடவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பார்க்கிற பறவைகள் எல்லாம் அங்கே வந்து இறங்கின. ஒரு நாள் வற்புறுத்தி என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாய். அத்தனை கூழைக்கடாக்களை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. உன் கண் பளபளத்தது. எனக்கு அவை ஏன் சத்தமே போடவில்லை என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் நீ அதைச் சொன்னாய். "நீ வரலன்னு முன்ன கவலையா இருந்துச்சு எஸ்தர். இப்ப இல்ல. நான் பாடுனா அந்தப் பக்கத்துல இருந்து உன் ஆல்ட்டோ வருது."

எதிரொலி என்றேன். எதிரொலி அதே சுரத்தைத் தானே திருப்பித் தரும், ஆல்ட்டோவை எப்படித் தரும் என்று நீ கேட்டாய். நான் நம்பவில்லை என்பதைப் பார்த்து, நின்ற இடத்திலேயே முதல் வரியை மெல்லப் பாடினாய். நிறுத்தினாய். எதிர்க்கரைக் கோரைக்குள்ளிருந்து என் பாகம் வந்தது. நான் எழுதிய ஆல்ட்டோ, சுரம் பிசகாமல், நான் மூச்சு வாங்குகிற இடத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு. என் வாய் இறுக மூடியிருந்தது, கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் கரையில் கழற்றி விட்டிருந்த செருப்பைக்கூட எடுக்காமல் ரோடு வரைக்கும் ஓடினேன். செருப்பை நீதான் மறுநாள் காகிதத்தில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தாய்.

எழுபதுகளின் நடுவில், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. நான் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழக்கிக்கொண்டிருந்தேன். மனை போடுகிறவர் கற்களைப் புதிதாக நடுவதற்காக ஆட்களோடு ஜீப்பில் வந்திருக்கிறார். நீ உச்சி வேளையில் தண்ணீரில் இறங்கியிருக்கிறாய். எப்போதும் முழங்கால் அளவில் நிற்கிறவள் அன்று நிற்கவில்லை. ஜீப் டிரைவர் என்னிடம் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "அந்தம்மா பாடிகினே உள்ள போனாங்கம்மா. ஏதோ வேண்டுதல்னு நெனச்சோம். கத்தவே இல்லம்மா, பாட்டு நிக்கற வரைக்கும் பாடிகினேதான் போனாங்க." கொஞ்ச நேரம் கழித்து அவரே, "கூடப் பாடினு இருந்தாங்களே, அந்த இன்னோர் அம்மா கரையேறிட்டாங்களா?" என்று கேட்டார்.

உன்னைத் தேடினார்கள். மூழ்கித் தேடத் தெரிந்தவர்கள் கோவளம் பக்கத்திலிருந்து வந்து தேடினார்கள். தானாக மிதக்க வேண்டிய காலம் கடந்தும் நீ மிதக்கவில்லை. உன் அம்மா கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "கல்லறையில அவங்கப்பாவுக்குப் பக்கத்துல வைக்கணும்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். முனியம்மாவும் ஊர்ப் பெண்களும் இறங்கிப் பாடிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. முனியம்மா நனைந்த புடவையோடு என்னிடம் வந்தாள்.

"எங்க கொரலுக்குக் குடுக்காதும்மா. அந்தம்மா கூடப் பாடுன கொரலு உன்துதான். நீ கேளு, குடுத்துரும்."

நான் இறங்கினேன். பெண்கள் எனக்குப் பின்னால் நின்றார்கள். முதல் வரியின் ஆல்ட்டோவைப் பாடிவிட்டு நிறுத்தினேன். கோரைக்குள்ளிருந்து சோப்ரானோ வந்தது. நீ. அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. பின்னால் தண்ணீர் கலைகிற சத்தம் கேட்டது, பெண்கள் எல்லோரும் கரையேறிவிட்டார்கள். முனியம்மா மட்டும் என் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வரி பாடினேன், நீ இன்னும் பக்கத்தில் வந்து பாடினாய். மூன்றாவது வரிக்கு உன் குரல் என்னிடமிருந்து கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயிருந்து வந்தது. தண்ணீர் என் மார்பு வரைக்கும் வந்திருந்தது, எப்போது அவ்வளவு தூரம் போனேன் என்று தெரியவில்லை. இன்னும் ஒரு வரிதான் பாக்கி. 'கரையிலே கொண்டாந்து கொடு.' அந்த வரியில் உன் மெட்டு கீழே இறங்கும், என் ஆல்ட்டோ அதைத் தாண்டி மேலே ஏறும்.

மூச்சை இழுத்துக்கொண்டு கரையைத் திரும்பிப் பார்த்தேன். உன் அம்மாவுக்குப் பின்னால் மனை போடுகிறவர் பனை நிழலில் நின்றிருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "பாடி முடிச்சிரும்மா. அவங்க கெடைச்சுட்டா பேஜார் முடிஞ்சிரும். ஒரு பூசை போட்டுட்டு அவங்கவங்க வேலயப் பாக்கலாம். ஜனங்களுக்கும் பயம் உட்டுப் பூடும்."

அவர் சொன்னது சரி. நீ கிடைத்துவிட்டால் ஏரியிடம் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாத ஏரி அவர்களுக்கு வெறும் மேட்டு நிலம். கோரைப் பக்கம் திரும்பினேன். நீ எனக்காகக் காத்திருந்தாய், பாடகர் குழுவில் நான் சேர்ந்துகொள்ள ஒரு கணம் பொறுப்பாயே, அப்படி. நான் கடைசி வரியைப் பாடவில்லை. முனியம்மா முந்தானையைப் பிடித்து இழுக்க இழுக்க, அவள் பின்னாலேயே கரைக்கு வந்து சேர்ந்தேன்.

உன் அம்மாவிடம் மறைக்கவில்லை. காரணத்தையும் சொன்னேன். "அவ அங்கயே கெடக்கட்டும்னு சொல்றியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார். சாகும்வரை என்னோடு பேசவில்லை. சர்ச்சில் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவர் அந்தப் பக்கம் போய் உட்காருவார். எனக்கு அது வலித்தது. ஆனாலும் இன்னொரு தடவை நேர்ந்தால் அதையேதான் செய்வேன்.

சித்தேரி இருக்கிறது. முடிச்சூரில் வயல் போன இடம் தெரியவில்லை, எத்தனையோ ஏரிகளுக்கு மேல் தெருப் பெயர்ப் பலகை நிற்கிறது, வெள்ளம் வந்தால்தான் அங்கே ஏரி இருந்ததே ஞாபகம் வருகிறது. சித்தேரியைச் சுற்றிலும் அடுக்கு மாடி எழும்பிவிட்டது, ஆனால் கரைக்கு உள்ளே ஒரு செங்கல் விழவில்லை. அங்கே வாடகைக்கு வருகிறவர்களுக்குக் காரணம் தெரியாது. மத்தியான நேரத்தில் ஏரிப் பக்க ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொல்லி வீட்டுக்காரர்கள் சொல்வார்களாம், ஏன் என்று சொல்ல மாட்டார்களாம். கூழைக்கடாக்கள் இன்னும் வருகின்றன.

என்னிடம் அந்த ஒரு வரியின் ஆல்ட்டோ இருக்கிறது. அதற்குப் பிறகு அதை யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, எங்கும் மறுபடி எழுதிவைக்கவில்லை. ஏதாவது கீர்த்தனையின் ஆல்ட்டோ அதே சுரங்களில் மேலே ஏறினால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் எனக்கு மறதி வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இத்தனை வருஷமாக உனக்காக நான் அழுததில்லை. அழுவதற்கு என்ன இருக்கிறது, நினைத்த நாளில் போய் நின்று அந்த வரியைப் பாடினால் நீ வந்துவிடுவாய் என்றுதான் இருந்தேன். போன மாதம் வீட்டில் யாரும் இல்லாதபோது, ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, சொல் இல்லாமல் சுரத்தை மட்டும் மெதுவாகப் பிடித்துப் பார்த்தேன். கடைசிச் சுரத்துக்குக் குரல் எட்டவில்லை. மறுபடியும் பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன், காற்றுதான் வந்தது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதேன்.